பெரிய இன நாய்க்குட்டி: எடை ஏற வேண்டிய வேகமும் கால்சியம் கணக்கும்

லேப்ரடார் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோகூடத் தேறாது. அதே நாய் ஒன்றரை வயதில் முப்பது கிலோவைத் தொடுகிறது. இந்த ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் ஆறு மாதத்திலேயே முடிந்துவிடும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களில் இன்னும் அதிகம். பிறந்த எடையைப்போல் நூறு மடங்கு வரை போகும். இவ்வளவு வேகத்தில் வளரும் உடம்புக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் அறிவுரை ‘நல்லா போடுங்க, அப்பத்தான் தாட்டியா வரும்’ என்பதுதான். குட்டியை விற்பவரும் சொல்வார், எதிர்வீட்டுக்காரரும் சொல்வார். கூடவே ஒரு கால்சியம் டானிக்கின் பெயரும் வரும். இரண்டுமே அந்தக் குட்டியின் மூட்டுகளுக்குக் கெடுதல்.

வளர்ந்த பிறகு நாய் எவ்வளவு உயரம் இருக்கும் என்பது தாய் தகப்பனிடமிருந்து வருவது. தீனியைக் கூட்டினால் அந்த உயரத்தை எட்டும் வேகம் கூடுமே தவிர, உயரம் கூடாது. அளவாகச் சாப்பிட்ட குட்டியும் அதே உயரத்துக்குத்தான் வந்து நிற்கும். சில மாதம் தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தத் தாமதம் எலும்புக்கு நல்லது.

நீண்ட எலும்புகளின் இரு முனைகளிலும் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உண்டு. அங்கே செல்கள் பெருகி வரிசையாக அடுக்கப்படுகின்றன. பின்னால் கனிமம் படிந்து அந்த அடுக்கு எலும்பாகிறது. அதன் பிறகு பழைய எலும்பைக் கரைத்து, உடம்பின் பாரத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கட்டும் வேலை நடக்கிறது. பெரிய இனங்களில் பெரும்பாலான தட்டுகள் மூட, பிறந்து ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். ராட்சத இனங்களில் அதற்கும் மேல். மூட்டின் பரப்பிலும் இதே குருத்தெலும்பு இருக்கிறது. அது முதிர்வதற்குள் மேலே கொழுப்பும் தசையும் ஏறி அழுத்தினால் தோளில் குருத்தெலும்பு பிளந்து துண்டாகிறது, முழங்கையில் எலும்பு விளிம்பு உடைகிறது, இடுப்புக் கிண்ணத்திலிருந்து தொடை எலும்பின் தலை விலகுகிறது. இவை எல்லாவற்றுக்கும் பரம்பரைக் காரணம் உண்டு. ஆனால் பரம்பரையில் இருக்கும் கோளாறு எந்த அளவுக்கு வெளிப்படும் என்பதில் தீனிக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இது ஊகமல்ல. 1974-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதி கிரேட் டேன் குட்டிகளுக்குச் சத்து மிகுந்த தீனி வேண்டிய மட்டும் கிடைத்தது. மற்றவற்றுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். வேண்டிய மட்டும் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்புக் கோளாறுகள் அதிகம் வந்தன. பிறகு நாய்த் தீனி தயாரிக்கும் ப்யூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுவதும் கவனித்தது. ஜோடியில் இரண்டும் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஒன்றுக்குக் கொடுத்ததைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவு. எட்டு வார வயதிலேயே இதைத் தொடங்கினார்கள். குறைத்துச் சாப்பிட்டவற்றில் இரண்டு வயதில் இடுப்பு மூட்டுக் கோளாறு கண்ட நாய்களின் எண்ணிக்கை மற்ற குழுவில் பாதிக்கும் கீழே. 2002-இல் ஆயுள் முடிவுகள் வந்தன: நடுமதிப்பு ஆயுள் ஒரு குழுவுக்கு 11.2 வருடம், குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13.0 வருடம். ஒரு லேப்ரடாரின் வாழ்வில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் என்பது சாதாரணமல்ல.

எடையைக் கையால் பார்ப்பது

தராசை விடக் கை நம்பகமானது. குட்டி நின்றுகொண்டிருக்கும்போது விலா மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் இன்னொரு கையை நீட்டி அதன் புறங்கை எலும்புகளைத் தடவினால் எப்படித் தட்டுப்படுமோ, அப்படி விலா தட்டுப்பட்டால் சரியான எடை. மூடிய முஷ்டியின் முட்டிகள்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதை மேட்டைத் தடவுவதுபோல் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்ளே வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது படி அளவுகோலில் வளரும் பெரிய இனக் குட்டிக்கு 4 உகந்தது, 5 ஏற்கத்தக்கது. முடி அடர்ந்த ஜெர்மன் ஷெப்பர்டைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவுசெய்யவே கூடாது.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை வேட்டைக்கு ஓடும் ஒல்லி உடல்வாகு கொண்டவை, கடைசிச் சில விலாக்கள் கண்ணுக்குத் தெரிவது இயல்பு. லேப்ரடாரின் தோற்றத்தை மனதில் வைத்து அவற்றைக் கொழுக்க வைக்காதீர்கள்.

தராசும் வேண்டும், வாரம் ஒருமுறை. குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். காலையில், தீனி போடும் முன், ஒரே தராசில். ஏறத்தாழ ஐந்து மாதம் வரை, வளர்ந்த பின் எதிர்பார்க்கும் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 2 முதல் 4 கிராம் ஏறுவது இயல்பு. முப்பது கிலோ லேப்ரடார் என்றால் நாளுக்கு 60 முதல் 120 கிராம்; வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவிலிருந்து எண்ணூற்றுச் சொச்சம் கிராம் வரை. இந்த வரம்புக்குள் எந்த இடத்தில் இருந்தாலும் கவலையில்லை. ஒரு வாரம் கூடி மறுவாரம் குறைவதும் சாதாரணம். தொடர்ந்து மூன்று வாரம் மேல் எல்லையைத் தாண்டினால் தீனியைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும். ஏறாமல் நின்றுவிட்டால் காரணம் தேட வேண்டும்.

எவ்வளவு போடுவது

பையின் பின்பக்க அட்டவணை ஒரு தொடக்கம்தான். பல குட்டிகளுக்கு அது அதிகமாகவே இருக்கும். நீங்களே கணக்குப் போடலாம், கைப்பேசிக் கால்குலேட்டர் போதும். மூன்று மாத லேப்ரடார், 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 × 10 × 10 = 1000. இதற்கு வர்க்கமூலம், வந்ததற்கு மறுபடி வர்க்கமூலம்: 5.62. அதை 70-ஆல் பெருக்கினால் 394 கிலோகலோரி. சும்மா படுத்திருக்கும் உடம்புக்கு ஆகும் செலவு இது. நான்கு மாதம் வரை இதைப்போல் 3 மடங்கு, அதன் பிறகு 2.5, ஆறு மாதத்தில் 2 என்று இறக்கிக்கொண்டு வர வேண்டும். ஆக இந்தக் குட்டிக்கு நாளுக்கு ஏறத்தாழ 1,180 கிலோகலோரி. பையில் 100 கிராமுக்கு 380 கிலோகலோரி என்று போட்டிருந்தால் 310 கிராம் தீனி.

இதே கணக்கை 15 கிலோவுக்கும் 20 கிலோவுக்கும் போட்டுப் பாருங்கள். நான்கு மாதம் தாண்டிய 15 கிலோ குட்டிக்கு 350 கிராம் வருகிறது. ஆறு மாதத்தில் 20 கிலோ ஆன குட்டிக்கும் 350 கிராம்தான் வருகிறது. ஐந்து கிலோ ஏறியும் தீனி ஏறவில்லை. பலர் தவறுவது இங்கேதான்: குட்டி பெரிதாகிறதே என்று மாதாமாதம் ஒரு கைப்பிடி கூட்டுகிறார்கள், நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் குட்டி உருண்டு போகிறது. முழங்கையும் இடுப்பும் கோளாறு காட்டத் தொடங்கும் பருவமும் அதுவே.

அளப்பதற்குக் குவளை வேண்டாம். ஒரே குவளையில் ஒருவர் அள்ளுவதற்கும் இன்னொருவர் அள்ளுவதற்கும் வித்தியாசம் வரும். சமையலறை மின்தராசில் காலையிலேயே அன்றைய தீனி முழுவதையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், யார் வைத்தாலும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். நான்கு மாதம் வரை மூன்று நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. கிண்ணத்தை நாள் முழுவதும் நிரப்பி வைக்கும் பழக்கம் பெரிய இனங்களுக்கு ஆகாது. இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் நடுப்பகலில் தின்னாமல் ஒதுக்கினால் விடிகாலையிலும் இருட்டிய பிறகும் வையுங்கள். நெய் ஊற்றிக் கெஞ்ச வேண்டியதில்லை.

தின்பண்டத்துக்கு உள்ள இடம் மொத்தத்தில் பத்து சதவீதம். மேற்படி 10 கிலோ குட்டிக்கு அது 118 கிலோகலோரி. மேரி பிஸ்கட் ஒன்று ஏறத்தாழ 25. வீட்டில் நாலு பேர் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் தீர்ந்தது. அவித்த முட்டை ஒன்று 70 சொச்சம்; பிஸ்கட்டுக்கு அது எவ்வளவோ மேல்.

கால்சியம்: கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு

வளர்ந்த நாயின் குடல், கால்சியம் மிஞ்சினால் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். ஏறத்தாழ ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அந்தத் திறன் முழுமையாக வருவதில்லை; தீனியில் வந்ததில் பெரும்பங்கு ரத்தத்துக்குப் போய்விடும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதிக்கு 1.1 சதவீதக் கால்சியம் உள்ள தீனி, இன்னொரு பகுதிக்கு 3.3 சதவீதம். மிகையாகத் தின்ற குட்டிகளின் எலும்பு பலப்படவில்லை. ரத்தத்தில் கால்சியம் மிகும்போது எலும்பைக் கரைக்கும் செல்களை உடம்பு அடக்கி வைக்கிறது. கரைத்துக் கட்டும் வேலை நின்றுபோகிறது, குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் தேங்குகிறது, முன்கால் எலும்புகள் இரண்டும் ஒரே சீராக நீளாமல் கால் கோணுகிறது. மிகைக் கால்சியம் குடலில் துத்தநாகத்தையும் உறிஞ்சவிடாமல் தடுக்கும். மூக்கு, கண் ஓரங்களில் தோல் தடித்து உதிரும் குட்டிகளிடம் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இதன் அடிப்படையில்தான் அமெரிக்கத் தீனித் தரக்குழுவான ஆஃப்கோ, வளரும் குட்டித் தீனியில் உலர் எடைக்கு 1.2 சதவீதம் கால்சியம் குறைந்தபட்சம் என்றும், வளர்ந்தபின் 32 கிலோ அளவுக்கும் அதற்கு மேலும் போகும் இனங்களுக்கு 1.8 சதவீதம் உச்சவரம்பு என்றும் வைத்திருக்கிறது. மற்ற இனங்களுக்கு உச்சவரம்பு 2.5. பையில் ‘லார்ஜ் ப்ரீட் பப்பி’ என்று பெரிய எழுத்தில் இருப்பதைவிட, பெரிய உருவ நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற உறுதிமொழி சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இப்போது டானிக்கின் கணக்கு. அதே 10 கிலோ குட்டிக்கு நாளுக்குக் குறைந்தது 3.5 கிராம் கால்சியம் வேண்டும், 5.3 கிராமைத் தாண்டக் கூடாது. 1.3 சதவீதக் கால்சியம் உள்ள தீனி 310 கிராமிலேயே 4 கிராம் வந்துவிடுகிறது. அதன்மேல் ஒரு தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள் போட்டால் இன்னும் 2 கிராம் அளவுக்குச் சேரும். ஒரே தேக்கரண்டியில் வரம்பு உடைந்துவிட்டது. சிரப், மாத்திரை, எலும்புத் தூள் எதுவானாலும் கதை இதுதான். முழுமையான குட்டித் தீனி தின்னும் பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் தனியாகத் தேவையே இல்லை. காது நிமிரவில்லை என்பதற்காக ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கொடுப்பதும் இதில் அடக்கம்; பல் விழுந்து முளைக்கும் நான்கு ஐந்து மாதத்தில் காது மடங்கி நிமிர்வது இயல்பு.

மறுபக்கம், சோறும் கோழியும் மட்டும் தின்னும் குட்டி. இங்கே ஆபத்து நேர் எதிர். அரைக் கிலோ சோறும் 300 கிராம் எலும்பில்லாத கோழிக்கறியும் மேற்படி குட்டியின் பசியை ஏறத்தாழ அடக்கிவிடும். ஆயிரத்துச் சொச்சம் கிலோகலோரி. அதில் உள்ள கால்சியம் 100 மில்லிகிராமைத் தொடாது. வேண்டியது 3,500. முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பாஸ்பரஸோ 800 மில்லிகிராம் அளவுக்கு வரும். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ, இரண்டு மடங்குக்கு மிகாமல் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே பத்தில் ஒன்றாகக் கிடக்கிறது. எடை ஏறிக்கொண்டே போவதால் வீட்டாருக்குச் சந்தேகமே வராது. உள்ளே ரத்தத்தின் கால்சியத்தைக் காப்பாற்ற பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். ஒருநாள் சோபாவிலிருந்து குதித்த குட்டி எழுந்து நிற்காது. எக்ஸ்ரேயில் எலும்பின் சுவர் மெலிந்து, வெளுத்துத் தெரியும்.

பால் ஊற்றினால் சரியாகுமா என்றால், அரை லிட்டர் பாலில் 600 மில்லிகிராம்தான். அதற்குள் பல குட்டிகளுக்கு வயிறு போய்விடும். முட்டை ஓட்டுத் தூள் இரண்டு கரண்டி போட்டால் கால்சியம் கணக்கு நேராகும், ஆனால் பாஸ்பரஸும் இந்தச் சாப்பாட்டில் குறைவு. குட்டிக்கு நாளுக்கு 3 கிராம் அளவுக்கு வேண்டும். துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாமே பற்றாது. வெயிலில் விட்டால் வைட்டமின் டி வரும் என்பது மனிதருக்குச் சரி. நாயின் தோலில் போதிய அளவு உண்டாவதில்லை, தீனியில்தான் வந்தாக வேண்டும். பாதி பாக்கெட் தீனி, பாதி சோறு என்று கலப்பதும் தீர்வல்ல. கலந்தால் கால்சியம் 4 கிராமிலிருந்து 2 கிராமாக இறங்கிவிடும்.

வீட்டுச் சமையல்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் எடைக்கு ஏற்ற குறிப்பு எழுதி வாங்கி, கிராம் பிசகாமல் செய்ய வேண்டும். குட்டி வளர வளரக் குறிப்பும் மாற வேண்டும். என் தீர்மானமான கருத்து: முதல் ஒரு வருடம் முழுமையான தீனியில் வளர்த்துவிட்டு, பிறகு சமையலுக்கு மாறுங்கள். அந்த ஒரு வருடத்தில் பிழைக்கு இடமில்லை.

புரதம் மிகுந்தால் எலும்பு கெடும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. யூட்ரெக்டில் 15, 23, 32 சதவீதப் புரதம் கொடுத்து வளர்த்த கிரேட் டேன்களிடம் எலும்புக் கோளாறில் வித்தியாசம் வரவில்லை. கெடுப்பது மிகைக் கலோரியும் மிகைக் கால்சியமும்.

எடை ஏறாத குட்டி

தின்றும் ஏறாத குட்டிக்கு முதலில் குடற்பூச்சி. இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அன்றன்று நிறுத்து, அந்த எடைக்குக் கொடுங்கள். வாரம் முக்கால் கிலோ ஏறும் குட்டிக்குப் போன மாதத்து அளவு பற்றாது. விலா துருத்தி வயிறு மட்டும் பானையாக இருப்பதைக் கொழுப்பு என்று நினைத்துத் தீனியைக் குறைத்துவிடக் கூடாது. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவையும், உண்ணி கடித்திருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். மலம் தண்ணீராகவோ சளியாகவோ வந்தால் ஜியார்டியா, காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணிகளாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட் அளவில்லாமல் தின்று, வெளிறிய மலத்தை ஏராளமாகப் போட்டு, எலும்பும் தோலுமாக இருந்தால் கணைய நொதிக் குறைபாடாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை உண்டு, தீனியில் கலக்கும் நொதித் தூளால் நன்றாகத் தேறும். தின்றதைச் செரிக்காமல் அப்படியே வெளியே தள்ளும் குட்டிக்கு உணவுக்குழாய் விரிந்திருக்கலாம். தாமதிக்காதீர்கள், தீனி நுரையீரலுக்குள் போய்விடும்.

நொண்டல் தெரிந்தால்

நான்கு மாதத்துக்கு மேல் முன்கால் நொண்டல் இரண்டு வாரம் நீடித்தால் முழங்கை, தோள் இரண்டையும், இரு பக்கமும், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போல் வைப்பது, படுத்தால் எழத் தயங்குவது இடுப்பைக் காட்டும். ஒரு காலில் தொடங்கி வேறொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும் நொண்டல், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டில், பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைப் பகுதி அழற்சி. வலி மருந்தோடு தானே அடங்கும். முன்கால் மணிக்கட்டுக்கு மேல் வீங்கிச் சூடாகி, காய்ச்சலோடு தீனியை ஒதுக்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் இருக்கும் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்குக் குடலில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரும்.

பாதம் பரவி, மணிக்கட்டு தாழ்ந்து நிற்கும் குட்டிக்கு உடனே கால்சியம் ஊசி போடச் சொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் அதற்குக் காரணம் வழுக்கும் தரையும் மிகை எடையும்தான். டைல்ஸ், கிரானைட் தரையில் குட்டி ஓடும் பாதையில் ரப்பர் விரிப்பு போடுங்கள். நார்வேயில் லேப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு கூடுதலாக வந்தது. அந்த வயதில் கட்டில்லாமல் மண்ணிலும் புல்லிலும் விளையாடியவற்றுக்குக் குறைவாக வந்தது. மாடி வீடு என்றால் தூக்கிச் செல்லுங்கள். பைக் பின்னால் ஓட வைப்பது, பந்துக்காகத் திரும்பத் திரும்ப எகிற வைப்பது வளர்ச்சித் தட்டு மூடும்வரை வேண்டாம்.

கருத்தடை அறுவையின் நேரமும் எலும்பைத் தொடும் விஷயம். பாலின ஹார்மோன்கள்தான் வளர்ச்சித் தட்டை மூடச் சொல்லும். முன்கூட்டியே எடுத்துவிட்டால் தட்டு தாமதமாக மூடிக் கால் சற்று நீளும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குமுன் அறுவை செய்த கோல்டன் ரெட்ரீவர்களுக்கு மூட்டுக் கோளாறுகள் கூடுதலாக இருந்தன. பெரிய இனங்களுக்கு ஒரு வயது தாண்டும்வரை பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் பேசுங்கள். அறுவைக்குப் பிறகு உடம்பின் செலவு குறைந்து பசி கூடும். அந்த வாரத்திலிருந்தே தீனியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, விலாவைத் தடவிப் பார்த்து மேலே சரிசெய்துகொள்ள வேண்டும்.

பெரியவர் தீனிக்கு மாறுவது லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு 12 முதல் 15 மாதத்தில். கிரேட் டேனுக்கு 18 முதல் 24 மாதத்தில். பழையதில் கால்வாசி எடுத்துவிட்டுப் புதியதைக் கலந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை பங்கைக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள். புதிய பையின் கலோரி எண் வேறாக இருக்கும். கிராம் கணக்கை மறுபடி போட வேண்டும்.